நம்ம ஊர் கூடுதா, பெருகுதா?

(கணக்குப் பகுதி)



"கணக்கா? அய்யோ!" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளில் இருக்கிற ஜோக்குகளுக்குப் போய்விடாதீர்கள். இதிலும் ஒரு விடுகதை இருக்கு. இது நம்ம தாம்பரத்தைப் பற்றிய கணக்கு என்பதால் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போகும் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "முன்னெல்லாம் இப்படியா இருந்துச்சு? ஜனம் பெருகிப் போச்சு!" சில பேர் "ஜனம் கூடிப் போச்சு" என்பார்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கணக்கில் கூடுவது வேறு, பெருகுவது வேறு. நம்ம ஊரில் நடப்பது எது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு அடுக்கும் மடக்கையும் தெரிந்தால் போதும்.

கூடுவதும் பெருகுவதும்

உண்டியலில் தினமும் 5 ரூபாய் போடுகிறோம். 5, 10, 15, 20 என்று போகும். ஒவ்வொரு நாளும் ஏறுவது அதே 5 தான். இது கூடுவது. வரைபடத் தாளில் வரைந்தால் நேர்கோடு வரும்.

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி படித்தோம், ஞாபகம் இருக்கா? அங்கே வட்டிக்கும் வட்டி சேரும். 1000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் 1100, 1210, 1331 என்று போகும். முதல் வருடம் 100 ரூபாய் ஏறியது, இரண்டாம் வருடம் 110, மூன்றாம் வருடம் 121. ஏறும் தொகை மாறிக்கொண்டே இருக்கு. மாறாமல் இருப்பது எது? ஒவ்வொரு வருடமும் 1.1-ஆல் பெருக்குகிறோமே, அதுதான். இது பெருகுவது. இந்த 1.1-ஐப் பெருக்கு எண் என்று வைத்துக்கொள்வோம். வருடங்கள் அதன் தலைமேல் அடுக்காக உட்காரும்.

கடைசித் தொகை = முதல் தொகை × (பெருக்கு எண்)ஐ எத்தனை காலமோ அத்தனை தடவை பெருக்கியது.

பெரிய வகுப்புப் புத்தகத்தில் இதற்கு அடுக்குக்குறிச் சார்பு என்று பெயர். பெயர்தான் பெரிசு, விஷயம் அவ்வளவுதாங்க. பெருக்கு எண் 1-க்கு மேல் இருந்தால் வளர்ச்சி. 1-க்குக் கீழே இருந்தால் தேய்மானம். பழைய ஸ்கூட்டரின் விலை வருடா வருடம் குறைவது இரண்டாவது வகை.

இப்போது விடுகதை

நம்ம பக்கத்து ஏரிகளில் ஆகாயத்தாமரை மிதப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. ஒரு ஏரியில் அது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-வது வாரம் ஏரி முழுக்க மூடிவிடும். அப்படியானால் பாதி ஏரி மூடியது எந்த வாரம்?

"10-வது வாரம்" என்று சொல்லத் தோன்றும். அது கூட்டல் மனசு சொல்லும் விடை. சரியான விடை 18-வது வாரம். அதற்கு முன்னால் 12-வது வாரம் போய்ப் பார்த்திருந்தால் 16-ல் ஒரு பங்குதான் பச்சையாக இருந்திருக்கும். "ஓரமாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எல்லாரும் போயிருப்போம். பெருகுகிற பொருளின் குணம் இது. ரொம்ப நாள் கண்ணில் படாது. கண்ணில் பட்ட பிறகு நேரம் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி தேவைப்படும்.

மடக்கை என்றால் என்ன?

அடுக்கு முன்னே போகும் கேள்வி: 10-ஐ 3 தடவை பெருக்கினால் எவ்வளவு? விடை 1000.
மடக்கை திரும்பி வரும் கேள்வி: 1000 வர 10-ஐ எத்தனை தடவை பெருக்கணும்? விடை 3.

இதைத்தான் லாக் 1000 = 3 என்று எழுதுகிறார்கள். லாக் 100 = 2. லாக் 10 = 1. லாக் 1 = 0. நடுவில் இருக்கும் எண்களுக்கு நடுவில் விடை வரும். லாக் 2 எவ்வளவு என்று அட்டவணை பார்க்காமலே சொல்லலாம். 2-ஐப் பத்து தடவை பெருக்கினால் 1024. அது கிட்டத்தட்ட 1000. அதாவது பத்து லாக் 2 சேர்ந்தால் ஏறக்குறைய 3. அப்படியென்றால் ஒரு லாக் 2 ஏறக்குறைய 0.3. லாக் டேபிளைத் திறந்தால் 0.3010 என்று இருக்கும். எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள்!

மடக்கையை 1614-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் வெளியிட்டார். 10-ஐ அடிமானமாக வைத்து அட்டவணை போட்டவர் ஹென்றி பிரிக்ஸ். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வானியல்காரர்கள் பெரிய பெரிய பெருக்கல்களால் கஷ்டப்பட்டார்கள். மடக்கை அந்தப் பெருக்கலைக் கூட்டலாக்கியது, வகுத்தலைக் கழித்தலாக்கியது. பிளஸ் டூ படிக்கும் அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால் அவர்களின் லாக் டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நமக்கு வேண்டியது இந்த ஒரே குணம்தான். பெருகுகிற எண்களுக்கு மடக்கை எடுத்தால் அவை கூடுகிற எண்களாக மாறும். வளைந்து மேலே ஏறும் கோடு நேர்கோடாக நிமிரும். நிமிர்ந்தால் "இது பெருகுது" என்று தெரிந்துகொள்ளலாம். நிமிரவில்லை என்றால் வேறு ஏதோ நடக்கிறது.

தாம்பரத்தை வைத்துப் பார்ப்போமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சிக்கு வந்த எண்ணிக்கை இது:

1991 – 1.07 லட்சம்
2001 – 1.38 லட்சம்
2011 – 1.75 லட்சம்

முதலில் கழித்துப் பார்ப்போம். முதல் பத்தாண்டில் ஏறியது 31 ஆயிரம். அடுத்த பத்தாண்டில் 37 ஆயிரம். சமமாக இல்லை. அதனால் வெறுமனே கூடவில்லை.

இப்போது மடக்கை எடுப்போம்:

லாக் 1.07 = 0.0294
லாக் 1.38 = 0.1399
லாக் 1.75 = 0.2430

இடைவெளி முதலில் 0.1105, அடுத்து 0.1031. கிட்டத்தட்ட சமம்! மூன்று புள்ளியையும் வைத்து ஸ்கேல் போட்டால் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். பத்தாண்டுக்கு ஒரு முறை சுமார் 1.28-ஆல் பெருகியிருக்கிறது. ஆக, "ஜனம் பெருகிப் போச்சு" என்ற பெரியவர்கள் கணக்குப்படியும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

காரணமும் நமக்குத் தெரிந்ததுதான். 1931-இலேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்துவிட்டது. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம், அதாவது மெப்ஸ், வந்தது. வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் வருவார்கள். வந்தவர்களுக்குக் கடை வரும், கடைக்கு வேலையாள் வருவார்கள். இருக்கிற ஜனமே இன்னும் ஜனத்தை இழுக்கும். கூட்டு வட்டி மாதிரியே.

இரு மடங்காக எத்தனை வருஷம்?

மடக்கை தெரிந்தால் இதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். இரு மடங்கு என்றால் லாக் 2 அளவு, அதாவது 0.3010 உயரம் ஏறணும். ஒரு பத்தாண்டில் ஏறுவது 0.1031. 0.3010-ஐ 0.1031-ஆல் வகுத்தால் 2.92 பத்தாண்டு. அதாவது சுமார் 29 வருஷம்.

இதே மாதிரி 2001-க்கும் 2011-க்கும் நடுவில் மற்ற இடங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்திலேயே போனால் இரு மடங்காக ஆகும் காலம்:

பல்லாவரம் நகராட்சி (1.44 லட்சத்திலிருந்து 2.15 லட்சம்) – 17 ஆண்டு
அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டம் (28.77 லட்சத்திலிருந்து 39.98 லட்சம்) – 21 ஆண்டு
தாம்பரம் நகராட்சி – 29 ஆண்டு
தமிழ்நாடு முழுவதும் (6.24 கோடியிலிருந்து 7.21 கோடி) – 48 ஆண்டு
சென்னை மாநகரம் (43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சம்) – 100 ஆண்டுக்கும் மேல்

(தாம்பரமும் பல்லாவரமும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல் தனியாகப் பிரிந்தது.)

கடைசி வரியைப் படித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரிலேயே பெரிய ஊர் சென்னை. அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகுது?

கோடு வளைகிற இடம்

சென்னைக்கு நான்கு கணக்கெடுப்பை எடுத்துப் பார்ப்போம். எண்கள் லட்சத்தில்:

1981 – 32.8, லாக் 1.5159
1991 – 38.4, லாக் 1.5843
2001 – 43.4, லாக் 1.6375
2011 – 46.5, லாக் 1.6675

மடக்கையின் இடைவெளி 0.0684, அப்புறம் 0.0532, அப்புறம் 0.0300. சுருங்கிக்கொண்டே வருது. கோடு நிமிரவில்லை, மேலே போகப் போகப் படுத்துவிடுகிறது.

இப்போது நினைத்துப் பாருங்கள். 1991-இல் ஒருவர் முதல் இரண்டு புள்ளியை மட்டும் வைத்து, ஸ்கேலை நீட்டி, "2011-இல் சென்னையில் 52.6 லட்சம் பேர் இருப்பார்கள்" என்று சொல்லியிருந்தால்? உண்மையில் வந்தது 46.5 லட்சம். 6 லட்சம் பேர் வித்தியாசம்! அவர் மடக்கையில் தப்புச் செய்யவில்லை. "இதே மாதிரியே போகும்" என்று நினைத்ததுதான் தப்பு.

ஆகாயத்தாமரை ஏரி முழுக்க மூடிய பிறகு 22-வது வாரம் என்ன ஆகும்? ஏரிக்கு வெளியே போய் இரு மடங்காகுமா? ஆகாது. இடம் தீர்ந்தால் பெருக்கல் நிற்கும். அன்றைக்கு இருந்த சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்தான். வீடு கட்ட இடம் குறையக் குறைய, வாடகை ஏற ஏற, ஜனம் எங்கே போனார்கள்? நம்ம பக்கம்தான் வந்தார்கள். சென்னையின் கோடு படுக்கிற அதே காலத்தில் பல்லாவரத்தின் கோடும் தாம்பரத்தின் கோடும் எழுந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் நம்ம கோடும் ஒரு நாள் வளையும். இதே வேகம் நூறு வருஷம் நீடித்தால் 2111-இல் பழைய தாம்பரம் நகராட்சி எல்லைக்குள் மட்டும் சுமார் 18.8 லட்சம் பேர் இருக்கணும். அந்த எல்லை சுமார் 21 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 90 ஆயிரம் பேர்! 2011-இல் சென்னையில் இருந்த நெரிசலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நிற்கக்கூட இடம் இருக்காது. 0.1105 என்ற இடைவெளி 0.1031 ஆகக் கொஞ்சம் குறைந்ததே, அதை மறுபடி பாருங்கள். கோடு இப்போதே லேசாகச் சாயத் தொடங்கியிருக்கலாம்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹுல்ஸ்ட் என்பவர் 1838-இலேயே இதைச் சொல்லிவிட்டார். முதலில் பெருகி, நடுவில் வேகம் குறைந்து, கடைசியில் ஒரு எல்லையில் போய் நிற்கும் கோட்டை அவர் வரைந்து காட்டினார்.

2027-இல் எத்தனை பேர்?

2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதாவது 2011-க்குப் பிறகு 16 வருஷம் நம்ம ஊரை யாரும் எண்ணவில்லை. எண்ணாத காலத்துக்கு எல்லாரும் கோட்டை நீட்டித்தான் பார்க்கணும். நாமும் நீட்டுவோம்.

கூட்டல் வழி: பத்தாண்டுக்கு 37 ஆயிரம் என்றால் 1.6 பத்தாண்டுக்கு 59 ஆயிரம். விடை 2.34 லட்சம்.

பெருக்கல் வழி: 0.1031 × 1.6 = 0.1650. இதன் எதிர்மடக்கை 1.462. அதை 1.75-ஆல் பெருக்கினால் 2.56 லட்சம்.

இரண்டு விடைக்கும் நடுவில் 22 ஆயிரம் பேர். தாளில் அது ஒரு சின்ன இடைவெளிதான். ஆனால் அந்த 22 ஆயிரம் பேருக்கும் தினமும் குடிதண்ணீர் வேண்டும். ரேஷன் அரிசி வேண்டும். அவர்களின் பிள்ளைகளுக்கு நம்ம மாதிரி வகுப்பறையும் பெஞ்சும் வேண்டும். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. அதன் 70 வார்டுகளைப் பிரித்ததும் 2011 கணக்கை வைத்துத்தான். கூட்டல் மனசோடு திட்டம் போட்டால் அந்த 22 ஆயிரம் பேர் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நிற்கிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று. ஜனம் பெருகும், ஏரி பெருகாது. ஜனம் இரு மடங்கானால் ஒருவருக்குக் கிடைக்கும் ஏரித் தண்ணீர் பாதி. தண்ணீர் நிற்கிற இடத்திலும் வீடு வந்தால் பாதிக்கும் கீழே. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையை நம்ம வீட்டுப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம். முதல் வீடு கட்டும்போது யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. 12-வது வாரத்து ஆகாயத்தாமரை மாதிரிதான்.

கணக்கெடுக்க வரும்போது

வீடுகளைப் பட்டியல் எடுக்கும் வேலை 2026-இலும், ஆட்களை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியிலும் என்று அறிவித்திருக்கிறார்கள். வீடு வீடாக வரும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் ஆசிரியர்கள்தான். நம்ம டீச்சர்களே நம்ம தெருவுக்கு வரலாம். அப்போது வீட்டில் இருக்கிற எல்லாரையும் சொல்லச் சொல்லுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், கட்டட வேலைக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்து கொட்டகையில் தங்கியிருப்பவர்கள், பிறந்து பத்து நாள் ஆன தம்பிப் பாப்பா என்று எல்லாரையும். ஒரு புள்ளி தப்பானால் கோடே தப்பாகும்.

விடை வந்ததும் இன்னொரு விஷயத்தையும் பார்க்கணும். தாம்பரம் மாநகராட்சியில் இப்போது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்திருக்கு. மாநகராட்சியின் மொத்த எண்ணை எடுத்து 2011-இன் 1.75 லட்சத்தோடு ஒப்பிட்டால் பயங்கரமாகத் தாவியது போலத் தெரியும். தாவியது ஜனம் இல்லை, எல்லை. பழைய நகராட்சி இடத்தை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால்தான் நம்ம கோட்டின் நான்காவது புள்ளி கிடைக்கும்.

அந்தப் புள்ளி 2.56 லட்சத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் நம்ம ஊர் இன்னும் பெருகுது. அதற்குக் கீழே விழுந்தால் கோடு வளையத் தொடங்கிவிட்டது. மேலே விழுந்தால், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து வருகிற ஜனத்தையும் சேர்த்து யோசிக்கணும்.

உங்களுக்குத் தெரியுமா?

நில அதிர்வு அளவும் மடக்கைதான். அளவு 1 ஏறினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கு. சத்தத்தை அளக்கும் டெசிபலும், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பைச் சொல்லும் பி.எச். அளவும் மடக்கைதான்.

செய்து பாருங்கள்

1. ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி. பணம் எத்தனை ஆண்டில் இரு மடங்காகும்? (லாக் 1.08 = 0.0334)

2. பல்லாவரம் நகராட்சி எல்லைக்குள் 2027-இல் எத்தனை பேர் என்று கூட்டல் வழியிலும் பெருக்கல் வழியிலும் கணக்கிடுங்கள். (லாக் 2.15 = 0.3324, லாக் 1.44 = 0.1584)

3. ஒரு ஸ்கூட்டரின் விலை ஆண்டுக்கு 15 சதவீதம் குறைகிறது. எத்தனை ஆண்டில் பாதி விலையாகும்? (ஒவ்வொரு ஆண்டும் மடக்கை 0.0706 இறங்கும்)

விடைகள்: 1) சுமார் 9 ஆண்டு. 2) கூட்டல் வழியில் 3.29 லட்சம், பெருக்கல் வழியில் 4.08 லட்சம். 3) சுமார் 4¼ ஆண்டு.

வேறு விடை வந்தவர்கள் மதிய இடைவேளையில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். 2027 கணக்கு வெளிவந்ததும் இந்தத் தாளில் இருக்கிற 2.56-ஐ எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை, அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கப் போகும் தங்கை தம்பிகளுக்கு விட்டுவைக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி